இரண்டு நாள் தண்ணீர்

ஒரு ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவரிடம் போய், "உங்க தண்ணியில மீன்கூட உயிரோட இருக்காது" என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவருக்குக் கோபம் வருமா, வராதா? ஆபரேட்டருக்கு வந்தது. சொன்னது மனைவியின் அண்ணன் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேட்டரின் வேலை ஊருக்குக் கிழக்கே இருக்கும் பம்பு அறையில். காலை ஆறு மணிக்குப் போய் மோட்டாரைப் போட வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கரண்டியால் அளந்து, நீல டிரம்மில் கரைத்து, தெளிந்த கரைசல் சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும்படி திறந்து விட வேண்டும். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரின் கடைசித் தெருக் குழாய்க்குப் போய், ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து நாலு சொட்டு சோதனைத் திரவம் விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் மஞ்சளானால் பிளீச்சிங் மருந்து கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் தெரியாத நாளில் ஆபரேட்டருக்குச் சோறு இறங்காது. அவருடைய எந்தச் சட்டையை எடுத்தாலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். கல்யாணச் சட்டைகூடத் தப்பவில்லை.

மச்சான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கடைத்தெருவில் கடை, கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதுதான் வீடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எரிந்து கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரித்து, அதே எண்ணிக்கையில் திரும்பச் சுற்றிவிடுவார். பம்பு அறை மோட்டாரும் இரண்டு தடவை அவர் கைக்குப் போய்த்தான் உயிர் பிழைத்தது. அந்தக் கடனுக்காகவும் ஆபரேட்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பின்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கப்பி மீன்கள். கப்பிதானே, சாக்கடையில் விட்டாலும் வளருமே என்று யாராவது சொல்லிவிட்டால் மச்சான் அன்றைக்கு அவருடைய மோட்டாரைத் தொட மாட்டார். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஈத்திலும் கறுப்பு கூடினதை மட்டும் நிறுத்தி, மற்றதைப் பிரித்துப் பிரித்து அவர் கொண்டுவந்த வம்சம் அது. உடம்பு முழுக்கக் கறுப்பு. வால் மட்டும் ஊதிவிட்ட தணல் நிறம். தொட்டியில் ஆண் என்று நிறுத்தியிருந்தது ஒருவனைத்தான். அவன் எந்த நேரமும் வாலை விரித்துக்கொண்டு பெண்மீன்களுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் போவான். அவனுக்கு மைனர் என்று பேர் வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆபரேட்டரின் மனைவி கிளம்பினாள். சாவியும் மீனும் ஆபரேட்டர் தலையில் விழுந்தன.

"மாப்ள, எல்லாம் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன்," என்றார் மச்சான். வண்டி வாசலில் நின்றது. "நீங்க எதையும் யோசிக்க வேண்டாம். எழுதினபடி செஞ்சா போதும்."

"செஞ்சுடறேன் மச்சான். நீங்க நிம்மதியாப் போங்க."

"ரெண்டாவது வரிதான் முக்கியம்."

"படிச்சுக்கறேன்."

"படிச்சா போதாது."

"அண்ணா, வண்டியில ஏறு முதல்ல," என்று தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். "நெஞ்சைப் பிளக்கப் போறாங்கன்னு சொல்லியிருக்காங்க. இவன் மீனைப் பத்திப் பாடம் எடுத்துக்கிட்டு நிக்கிறான்."

வண்டி போன பிறகு ஆபரேட்டர் தாளைப் படித்தார். முதல் வரி, தீனி இரண்டு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். இரண்டாவது வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு. 'குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. டிரம்மில் பிடித்து, மூடாமல் இரண்டு நாள் வைத்த பிறகே ஊற்றவும்.' மூன்றாவது, வாரத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றவும். நாலாவது, ஜாடியில் இருப்பவள் நிறைமாசக்காரி, அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

சிவப்புக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் காது சூடானது. நாலாயிரம் பேர் குடிக்கிற தண்ணீர். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணீர். அதை ஒரு விரல் நீள மீனுக்கு ஊற்றக் கூடாதாம்!

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. டியூட்டி முடிந்து வந்து தீனி போட்டார், போனார். நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்றிருந்தது. அன்றைக்கென்று பார்த்து விடியற்காலையிலேயே பெரிய குழாய் உடைந்தது. ஆபரேட்டர் முழங்கால் சேற்றில் நின்றார். வெல்டிங் ஆட்கள் பற்றவைத்து முடிக்கப் பதினொரு மணி ஆனது. குழாய்க்குள் சேறு போயிருக்கும் என்று மேலிடத்திலிருந்து போன், மருந்தை இரண்டு மடங்கு போடச் சொல்லி. போட்டார். தம் கையால், கரண்டி கரண்டியாக எண்ணிப் போட்டார். கடைசித் தெருக் குழாயில் குப்பி அடர் மஞ்சளாக வந்ததைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

இதற்கு நடுவில் போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தார் என்று கணக்கில்லை. மனைவியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்து மச்சான் அறைக்கு வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். தீனி போட்டார். செம்புக் கம்பிச் சுருளை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது, ஏன் போன் இல்லை? கை எதையாவது செய்யச் சொல்லி நச்சரித்தது. தொட்டிக் கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்திருந்தது. மச்சான் வரும்போது தொட்டி பளிச்சென்று இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார்.

மூலையில் டிரம்மில் மச்சான் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. எட்டிப் பார்த்தார். மேலே தூசு ஆடை, அதில் இரண்டு கொசுப்புழு நெளிந்தது. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருவர் பார்க்கச் சகிக்கிற காட்சியா அது? "இந்த அழுக்கைத்தான் ஊத்தணுமா?" என்று வாய்விட்டே கேட்டு, டிரம்மை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார். தொட்டித் தண்ணீரையும் மீன் முதுகு நனைகிற அளவுக்கு விட்டுவிட்டு மிச்சத்தை இறக்கினார். கண்ணாடியைத் தேய்த்தார். காற்றுக்குழாயில் மாட்டியிருந்த பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. அதைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினார். அப்புறம் குழாயில் டியூபைச் சொருகித் தொட்டியில் நேராக விட்டார். வெள்ளைவெளேரென்று தண்ணீர் ஏறியது. அடுத்து ஜாடி. ஜாடியைக் கையில் எடுத்தபோது மணி மூன்றரை, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அது அவரே போட்டுக் கொடுத்த நேரம்தான். "சரி, உனக்கு நாளைக்கு," என்று ஜாடியைக் கீழே வைத்தார்.

கால் மணி நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதுத் தண்ணீர், குஷியாக இருக்கிறது என்று நினைத்தார். அரை மணி நேரத்தில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொன்று சுழன்று சுழன்று கீழே போனது. ஆபரேட்டர் தொட்டிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அதே வாடையில் ஊறிய மூக்கு, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து குப்பியை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு நாலு சொட்டு விட்டார். மஞ்சள், காலையில் பார்த்துத் திருப்திப்பட்ட அதே அடர் மஞ்சள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது போன் அடித்தது.

"என்னங்க, நல்லபடியா முடிஞ்சுது," என்றாள் மனைவி. அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "கண்ணு முழிச்சாச்சு. பேசக் கூடாதுன்னு நர்ஸம்மா கத்தறாங்க. அதையும் மீறி முதல்ல கேட்டது என்ன தெரியுமா? மைனர் சாப்பிட்டானான்னு."

மைனர் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தான். வால் மட்டும் விரிந்தபடியே இருந்தது.

"என்னங்க, கேக்குதா?"

"சாப்பிட்டான்னு சொல்லு."

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். பதட்டமே படக் கூடாதாம். நல்ல சேதியா மட்டும் சொல்லணுமாம்."

"நல்லா சாப்பிட்டான்னு சொல்லு," என்றார் ஆபரேட்டர்.

பொழுது சாய்வதற்குள் தொட்டியில் இருந்த பதினெட்டும் போய்விட்டன. ஜாடியில் இருந்த ஒருத்தி மட்டும், குழாயில் தண்ணீர் நின்றுபோன புண்ணியத்தில், ஒன்றும் தெரியாதவளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பம்பு அறையில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அரைக் கரண்டி குறைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு கணம் வந்தது. கடைசித் தெருவில் வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புட்டி கழுவுகிற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். முழுக் கரண்டியையும் போட்டார். போட்டுவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல் கையைத் துடைத்துக்கொண்டார்.

டியூட்டி முடிந்ததும் நேராக வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். மைனரை இன்னொரு குப்பியில் தண்ணீரோடு போட்டு, அடைத்து, சட்டைப் பையில் வைத்திருந்தார். கடையில் இருந்தவள் முப்பது வயசுப் பெண். கை முழுக்கப் பாசி.

"இதே மாதிரி ஒரு ஆம்பள மீன் வேணும்மா," என்று குப்பியை நீட்டினார்.

அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "சார், இது காயில்காரர் மீன் இல்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வால் வேற எங்க சார் இருக்கு? ஒரு ஜோடி குடுங்கன்னு மூணு வருஷமா நடையா நடக்கறேன். வித்தா வம்சம் கெட்டுடும்னு சொல்லித் துரத்தி விட்டுட்டார். இது எப்படி செத்துச்சு?"

"தண்ணி மாத்தினேன்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி. சுத்தமான தண்ணிம்மா."

அவள் அவருடைய சட்டைத் திட்டுகளைப் பார்த்தாள். "நீங்க தண்ணித் தொட்டி ஆபரேட்டர்தானே? சரியாப் போச்சு. மருந்து போடறதே நீங்க, உங்களுக்கே தெரியலன்னா நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றாள். அவர் நின்ற நிலையைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "பொட்டை ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு. ஜாடியில இருந்தது, தப்பிச்சுது."

"வயிறு?"

"பெருசா இருக்கு. பின்னால கறுப்பா ஒரு புள்ளி."

"அப்ப வம்சம் போகல சார்." அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. "கப்பிக்கு அது ஒரு வரம். ஒரு தடவை ஆம்பளையோட சேந்தா போதும், உள்ளேயே சேத்து வெச்சிருக்கும். ஆம்பள செத்து மூணு மாசம் ஆனாலும் அவன் குட்டியையே போடும். ஆனா ஒண்ணு, வேற ஆம்பளைய மட்டும் கூட விட்டுடாதீங்க. அப்புறம் எது யாரோட குட்டின்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

"இல்ல, விட மாட்டேன். ஆனா பாக்க இதே மாதிரி ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

அவள் சந்தேகத்தோடு ஒரு கறுப்பு மீனைப் பிடித்துக் கொடுத்தாள். வால் தணல் நிறம் இல்லை, பழுத்த ஆரஞ்சு. ஓரத்தில் மெலிசாக வெள்ளை. கூடவே ஒரு கைப்பிடி பச்சைப் பாசிச்செடியும் கொடுத்தாள். "குட்டி ஒளிஞ்சுக்க இது வேணும். இல்லேன்னா பெத்தவளே தின்னுடுவா."

அந்த வாரம் ஆபரேட்டர் எங்கேயும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. பம்பு அறை, வீடு, மச்சான் அறை என்று சைக்கிள் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் இரண்டு டிரம், கடையில் ஒரு டிரம், மூன்றிலும் தண்ணீர் பிடித்துக் கொசு புகாமல் துணி கட்டி வைத்தார். காலையிலும் மாலையிலும் குப்பியில் எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். முதல் நாள் மஞ்சள். இரண்டாம் நாள் வெளிறின மஞ்சள். அந்த வாரம் மருந்து அதிகம் என்பதால் மூன்றாம் நாள்தான் நிறமே இல்லாமல் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மஞ்சள் தெரியாத குப்பியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

போனில் பொய் வளர்ந்துகொண்டே போனது. மச்சான் சாதாரணமாகக் கேட்டுவிட்டு விடுகிற ஆள் இல்லை.

"மைனர் வாலை விரிக்கிறானா மாப்ள?"

"விரிக்கிறான்."

"எந்தப் பக்கம் நிக்கிறான்?"

"காத்துக் குழாய்ப் பக்கம். நேத்து ஜன்னல் பக்கம் நின்னான்."

"ஜன்னல் பக்கமா? போக மாட்டானே."

"இப்பல்லாம் போறான் மச்சான்."

பத்தாம் நாள் மனைவி வீடியோவில் வந்தாள். "அண்ணன் மீனைப் பாக்கணுமாம். பாக்காம மாத்திரை போட மாட்டானாம். காட்டுங்க." கடை மீனைத் தொட்டியில் விட்டு, போனைத் தூர வைத்துக் காட்டினார். இருமினால் தையல் வலிக்காதிருக்கக் கொடுத்த தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மச்சான் திரையில் குனிந்தார். மூச்சு வாங்கியது.

"மத்தவங்க எங்க?"

"செடிக்குப் பின்னால இருக்காங்க."

"வால் ஓரத்துல வெள்ளையாத் தெரியுதே?"

"வெளிச்சம் மச்சான்."

"சரி, ஒரு காரியம் பண்ணுங்க. நிறைமாசக்காரி குட்டி போட்டதும் அவளை மைனர்கூட விட்டுடுங்க. அடுத்த ஈத்து அவனோடதா இருக்கணும். எனக்கு அவன்தான் வேணும். எப்ப திரும்பி வருவேனோ, எப்படி வருவேனோ."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"விடுங்கன்னா விடுங்க மாப்ள. எழுதி வெக்கல, சொல்றேன்."

"சரி மச்சான்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, டியூட்டி முடிந்து கதவைத் திறந்தபோது ஜாடிக்குள் எள் சிதறியதுபோல் என்னவோ ஆடியது. கிட்டே போனார். ஒவ்வொரு எள்ளுக்கும் இரண்டு கண் இருந்தது! அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறைமாசக்காரி திரும்பினாள், ஒன்றை விழுங்கினாள். "அடிப்பாவி!" என்று கத்தினார். வலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. டீ வடிகட்டியை எடுத்து அவளைத் தூக்கி, மருந்து போன தண்ணீர் இருந்த வாளியில் விட்டார். பாசிச்செடியை விலக்கி எண்ணினார். இருபத்து மூன்று. எண்ணி முடித்ததும் முதலிலிருந்து எண்ணினார். இருபத்து இரண்டு. மூன்றாவது தடவை எண்ண மனசில்லை.

கடை மீன் தொட்டியில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். வாளியில் இருப்பவளை இப்போது தொட்டியில் விட வேண்டும். சொன்ன சொல் அது. விட்டால் மச்சான் அடுத்த தடவை வீடியோவில் பார்த்து நிம்மதியாக மாத்திரை போடுவார். பொய் பத்திரமாக இருக்கும். ஆனால் அடுத்த ஈத்தில் வருவது யாருடைய குட்டி? இப்போது இருக்கும் இருபத்துச் சொச்சமும் பிழைக்கும் என்று என்ன நிச்சயம்? அவள் வயிற்றில் மைனர் இன்னும் மிச்சம் இருக்கிறான். அதையும் தாமே கெடுப்பதா? ஏற்கெனவே பதினெட்டு உயிரைத் தம் பெருமைக்காகக் கொன்றாயிற்று. அவருக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடை மீனைப் பிடித்து ஒரு பாட்டிலில் போட்டார். சைக்கிளில் வைத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் பிடித்து வைத்த தண்ணீரை நிரப்பி, புதிதாக ஒரு தொட்டியில் விட்டார். தனியாக இருக்கிறதே என்று மறுநாள் அதற்கு இரண்டு பெண்மீனும் வாங்கிவந்தார்.

வீடியோவுக்கு நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டார். குட்டிகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சளைப் பொடித்து ஊசிமுனை அளவு போட்டார். வெள்ளையை அவர் தின்றார். அந்தப் பதின்மூன்று நாளும் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் முட்டை வெள்ளையும்தான். ஆறு குட்டிகள் போயின, பதினாறு நின்றன.

இருபத்தைந்தாம் நாள் மச்சான் வந்தார். இளைத்துப்போய், தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு, தலையணையை விடாமல். கடையைக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பின்னறைக்கு வந்து தொட்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொட்டியில் பெற்றவள் மட்டும். பக்கத்தில் ஜாடியில் சாம்பல் நிறத்தில் பதினாறு பொடிசுகள்.

"மைனர் எங்க?"

ஆபரேட்டர் நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "செத்துட்டான் மச்சான். ஆபரேஷன் அன்னிக்கே. எல்லாமே போச்சு. நான்தான் குழாய்த் தண்ணிய நேரா ஊத்தினேன்."

"எழுதி வெச்சேனே."

"எழுதி வெச்சதாலதான் ஊத்தினேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப தினமும் என்கிட்ட சொன்னது? என் வாயாலேயும் பொய் சொல்ல வெச்சிருக்கீங்களே!"

"வீடியோல காட்டினது?" என்றார் மச்சான்.

"கடையில வாங்கினது."

"அவன்கூட இவளை விட்டீங்களா?"

"இல்ல. விட்டா உங்க வம்சம் கலஞ்சுடும். இந்தப் பதினாறும் மைனரோடதுதான். சத்தியமா."

மச்சான் ஜாடியைப் பார்த்தார். பதினாறும் ஒரே சாம்பல். யாருடையது என்று எதிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒரு பொய் சொன்னவனின் சத்தியத்தை எவ்வளவு தூரம் நம்புவது? தலையணையை இறுக்கிக்கொண்டு இருமினார். இருமல் அடங்கியதும், "சாவிய வெச்சுட்டுப் போங்க மாப்ள," என்றார்.

வைத்துவிட்டு வந்தார்.

மச்சான் மூன்று மாசத்துக்கு வாளி தூக்கக் கூடாது. நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. தங்கை தூக்குகிறேன் என்றாள். "வேண்டாம், நான் கொண்டுபோறேன்," என்றார் ஆபரேட்டர். அவள் அவரோடு பேசாமல் இருந்த நாட்கள் அவை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "மீன்காரருக்குச் சாப்பாடு ரெடி" என்று சுவரிடம் சொல்வாள். இரண்டு நாளுக்கு ஒரு முறை, குப்பியில் நிறம் வராத தண்ணீரை இரண்டு கேனில் நிரப்பி, சைக்கிளில் கட்டி, கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். மறுநாள் கேன் காலியாக வாசலில் இருக்கும். உள்ளே மச்சான் குவளை குவளையாக மொண்டு ஊற்றுகிறார் என்பது அவள் சுவரிடம் சொல்லித்தான் தெரியும். குட்டி எப்படி இருக்கிறதென்று மட்டும் அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாரே தவிர, ராத்திரி படுக்கையில் புரண்டதும், பம்பு அறையில் மோட்டாரைப் போட்டதா இல்லையா என்று மூன்று தடவை போய்ப் பார்த்ததும் அதனால்தான்.

அப்படி ஒரு மாசம் போனது. ஒரு நாள் மதியம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், கேனை இறக்கிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

"மாப்ள."

நின்றார்.

"உள்ள வாங்க."

கடையில் வார்னிஷ் வாடை. மேஜைமேல் ஒரு மோட்டார் பாதி பிரித்துக் கிடந்தது. மச்சான் திரும்ப வேலையைத் தொடங்கியிருக்கிறார். பின்னறையில் விளக்கு எரிந்தது. மச்சான் தொட்டியைக் காட்டினார். சாம்பல் பொடிசுகள் விரற்கடை நீளம் வளர்ந்திருந்தன. அவற்றில் இரண்டு கறுத்திருந்தன. ஒன்று திரும்பியது. அதன் வாலின் அடியில், குண்டூசித் தலை அளவுக்குத் தணல்.

ஆபரேட்டர் தொட்டிக்குக் கிட்டே குனிந்தார். "அவனேதான்," என்றார்.

"வெள்ளை ஓரம் இல்ல. பாத்துட்டேன்," என்றார் மச்சான். "நாலு நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன்." ஸ்டூலில் உட்கார்ந்து, "அவளை அந்தக் கடை மீன்கூட விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. சொன்னவனே நான்தான்," என்றார்.

ஆபரேட்டர் வாசலில் இருந்த கேனை உள்ளே எடுத்து வந்தார்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கொண்டுவர்றீங்களாமே? தங்கச்சி சொன்னா. எங்க, காட்டுங்க."

பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்தார். ஒன்றில் கேன் தண்ணீரை ஊற்றி நாலு சொட்டு விட்டார். நிறமே வரவில்லை. இன்னொன்றைக் குழாயில் பிடித்து நாலு சொட்டு விட்டார், மஞ்சளாயிற்று. இரண்டையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மச்சான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்கு மாத்திரை நேரம். பன்னிரண்டு வருஷமாக அவர் குழாய்த் தண்ணீர் குடித்ததில்லை. காசு கொடுத்து வாங்கும் குடிதண்ணீர்க் கேன் மூலையில் இருந்தது. அதைச் சாய்க்க ஆபரேட்டர் எழுந்தார்.

"இருங்க," என்ற மச்சான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தார். பிடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மருந்து வாடை அடிக்குது மாப்ள."

"அடிக்கணும் மச்சான்," என்றார் ஆபரேட்டர்.

மச்சான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார்.